முத்தையாவிடம் மட்டும் நான் காரணம் கேட்டதில்லை

மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் சரி எது, தப்பு எது என்று தெரிந்துவிடும். இதை எனக்கு அறுபத்து மூன்றாவது வயதில் ஒருவர் கற்றுக்கொடுத்தார். ஏசி ஹால், முன்வரிசையில் அதிகாரிகளுக்கு வெள்ளைத் துண்டு போர்த்திய நாற்காலிகள், ஆளுக்கொரு சமோசா. போர்ட் பிளேர் கப்பல் டிக்கெட் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு ‘பணியில் அறம்’ என்று ஒருநாள் பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்றவள் என்பதால் என்னையும் அனுபவசாலி என்று அழைத்திருந்தார்கள். அழைத்தவள் சரண்யா. நான் உட்கார்ந்த கவுண்டரில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். “பிலோ தீதி, வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க, போதும்” என்றாள். இந்தி கலந்த எங்கள் பேச்சில் அக்காவுக்கு தீதி. நான் இருக்கும் சௌல்தாரியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். இரண்டு வார்த்தையோடு நான் நிறுத்தவில்லை. அன்று சொல்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பயிற்சியாளர் கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டிலிருந்து வந்தவர், மரியாதையான மனிதர். திரையில் ஒரு கப்பல் படம் போட்டார். கப்பலில் ஒரே ஒரு இடம் மிச்சம், கரையில் இரண்டு பேர், யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். பிறகு பழைய தத்துவங்களை ஒவ்வொன்றாக விளக்கினார். முதலாவது, விளைவைப் பார் என்கிறது. எதைச் செய்தால் அதிகம் பேருக்கு அதிக நன்மையோ அதுவே சரி. இரண்டாவது, விளைவைப் பார்க்காதே, கடமையைப் பார் என்கிறது. எல்லாருக்கும் விதியாக வைக்கக்கூடியதை மட்டும் செய், எந்த மனிதனையும் வெறும் கருவியாக்காதே. மூன்றாவது, ஒரு நல்ல மனிதன் இந்த இடத்தில் என்ன செய்வான் என்று கேள் என்கிறது. நல்ல குணத்தைப் பழகிப் பழகி வாழ்வதுதான் நல்ல வாழ்க்கை. போகிற போக்கில் நாலாவது ஒன்றையும் சொன்னார்: உன் கையில் இல்லாததற்கு வருந்தாதே, மனம் கலங்காமல் இருப்பதே நிம்மதி.

எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நான் பேனாவை மூடி வைத்தேன். இந்த நாலையும் நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். நாலும் ஒரே ஆள் வாயிலிருந்து வந்தவை.

அந்த ஆள் எங்கள் சூப்பரின்டென்டென்ட் கணபதி சார். திருநெல்வேலிக்காரர், கை சுத்தமானவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அவரைப் பற்றிக் கெட்டதாகப் பேச எனக்கு நாக்கு கூசும், ஆனாலும் பேசத்தான் போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் பன்னிரண்டாவது முடித்து, பரீட்சை எழுதினேன். முதலில் வடக்கே திக்லிபூரில் இரண்டு வருடம் போட்டார்கள். அங்கே இந்தியும், கார்பன் பேப்பர் அழுந்த எழுதுவதும், வரிசையில் நிற்பவர்களின் வசவைக் காதில் வாங்காமல் இருப்பதும் கற்றுக்கொண்டேன். அப்புறம் போர்ட் பிளேர். ஊருக்கு இப்போது பெயர் மாற்றிவிட்டார்கள், என் வாய்க்கு இன்னும் வரவில்லை. அங்கே நிக்கோபார் பக்கம் போகும் கப்பல்களுக்கான கவுண்டரில் உட்கார்ந்தவள், எழுந்தது ரிட்டயர்மென்ட் அன்றுதான்.

தெற்கே போகும் கப்பல் தினசரி பஸ் அல்ல. இன்றைக்கு விட்டால் ஒன்பது நாளோ பத்து நாளோ கழித்துத்தான். கடல் முரண்டு பிடித்தால் அதுவும் இல்லை. படுக்கை இடத்தை பங்க் என்போம். இத்தனை பங்க் என்று தாள் வரும். அதில் நோயாளிகளுக்கு இவ்வளவு, பழங்குடியினருக்கு இவ்வளவு, டியூட்டியில் போகும் அரசு ஊழியர்களுக்கு இவ்வளவு என்று பிரித்திருக்கும். மிச்சம்தான் வரிசைக்கு. வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் நான் காரணம் கேட்பேன். ஆஸ்பத்திரிச் சீட்டு, பரீட்சை ஹால் டிக்கெட், சாவுச் செய்தி என்றால் முன்னால் எடுப்பேன். எல்லாப் பெயரையும் எழுதி முடித்ததும் கணபதி சார் தன் மேஜையிலிருந்து எழுந்து வருவார். முதலில் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்வார். இரும்பு ஸ்கேலைத் தாளில் வைத்து, கடைசிப் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார். கோடு போட்டபின் ஆண்டவனே வந்தாலும் இடம் கிடையாது.

ஒருமுறை பரீட்சைக்குப் போக வேண்டிய ஒரு பெண்ணின் அப்பா அந்தக் கோட்டுக்குப் பிறகு வந்து அழுதார். கணபதி சார் அவருக்கு நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, “ஐயா, உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாத்துக்கும் குடுக்கணும். விதின்னா விதிதான்” என்றார். அப்போது எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது.

அந்த மதிப்பு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. கோடு போட்டு முடித்த ஒரு மத்தியானம் மேலிடத்திலிருந்து போன் வந்தது. சார் எழுந்து நின்றுகொண்டே பேசினார். வைத்ததும் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு புதுத்தாள் ஒன்றை எடுத்து, ‘கூடுதல்’ என்று தலைப்பு எழுதி, இரண்டு பெயர்களைச் சேர்த்து, பட்டியலின் அடியிலிருந்த இரண்டு பேரைக் காத்திருப்பில் போடச் சொன்னார். “என்ன சார், கோடு போட்டாச்சே?” என்றேன். “அம்மா, அவங்க போனாத்தான் அங்க நாலு வேல நடக்கும். நாலு பேருக்கு நல்லதுன்னா கோட்டுக்கு அந்தாண்டையும் பாக்கணும்ல” என்றார். தள்ளப்பட்ட இரண்டு பேரைப் பற்றிக் கேட்டதற்கு, “நம்ம கையில என்ன இருக்கு? மனச அலட்டிக்காதிய” என்றார்.

பாருங்கள், சாதாரண ஆளுக்கு விதி. பெரிய இடத்துக்கு விளைவு. நமக்கு மனநிம்மதி. மூன்று தத்துவமும் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட்டது. மிச்சமிருந்த நல்ல குணத்தை அவர் யாருக்கு வைத்திருந்தார் என்றுதான் இந்தக் கட்டுரையே.

நிக்கோபார் பக்கம் கட்சால் தீவில் ரப்பர் தோட்டம் உண்டு. இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களை அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். அப்படிச் சிறுவயதில் வந்த ஒருவர் முத்தையா. ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளி. கட்சாலில் யாருக்காவது பெரிய நோய் என்று போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தால், கூட வர ஆள் இல்லாதவர்களுக்கு முத்தையாதான் துணை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். நோயாளியை வார்டில் சேர்த்து, ரத்தத்துக்கு ஆள் பிடித்து, சொந்தக்காரர்கள் வந்தபின் திரும்பிப் போவார்.

முதல்முறை அவர் இடத்தை விட்டுக்கொடுத்தது தானாகத்தான். காலில் கட்டுப்போட்ட கிழவர் ஒருவர் இடமில்லாமல் நின்றார். முத்தையா வரிசையிலிருந்து விலகி வந்து, “என்னோடத அவருக்குக் குடுத்துருங்கம்மா. நான் அடுத்ததுல போறேனுங்க” என்றார். அப்படி விட்டுக்கொடுப்பவர்களுக்கென்று ஒரு படிவம் இருந்தது. ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் விட்டுக்கொடுக்கிறேன்’ என்று ஒரே வரி. கையெழுத்துப் போட்டார். கணபதி சார் அதைப் பார்த்து, “இந்த மாதிரி ஆளுங்களாலதான் மழ பெய்யுது” என்றார்.

இரண்டாவது தடவை நான் ஜாடையாகக் கேட்டேன். மூன்றாவது தடவை நேராகவே கேட்டேன். அதன்பின் கேட்கக்கூட இல்லை. “முத்தையா அண்ணே” என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போதும், அவர் வந்துவிடுவார். இடம் போதவில்லை என்றால் முதலில் வரிசையில் அவர் தலை தெரிகிறதா என்றுதான் பார்ப்பேன். தெரிந்தால் எனக்கு நிம்மதி. நோயாளிக்கு ஒரு கோட்டா, அதிகாரிக்கு ஒரு கோட்டா. முத்தையா எனக்கு மட்டும் சொந்தமான கோட்டா. இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது.

அந்த நாளுக்கு வருகிறேன். கட்சாலுக்கு இடம் தேடி ராணி என்று ஒரு பெண் வந்தாள். ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை எடுத்துப் பன்னிரண்டு நாள். ஆஸ்பத்திரியில் பெட் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். போர்ட் பிளேரில் தெரிந்தவர்கள் யாருமில்லை. அவளுடைய அம்மாவுக்கு எப்படியோ இடம் கிடைத்துவிட்டது, அவளுக்கு இல்லை. அந்த உடம்போடும் பச்சைக் குழந்தையோடும் அவளைத் தனியாக அனுப்பவும் முடியாது. குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கவுண்டர் ஓரத்தில் நின்றாள். நோயாளிக் கோட்டா தீர்ந்துவிட்டது. தீர்ந்ததற்குக் காரணம், காலையில் மேலிடத்திலிருந்து வந்த ஒரு துண்டுச் சீட்டு. தீவுகளைப் பார்வையிடப் போகும் ஒருவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நாலு பங்க். அரசுக் கோட்டாவில் அவ்வளவு இல்லாததால், சார் இரண்டை நோயாளிக் கோட்டாவிலிருந்து எடுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“சார், அந்த நாலுல ஒண்ணு கேட்டுப் பாக்கலாமா? பச்சப் புள்ளக்காரி நிக்கிது சார்.”

கண்ணாடியைத் துடைத்தார். “போன் பண்ணி, உங்க பிள்ளைய எறக்குங்கன்னு நீ சொல்லுதியா? நம்பர் தரட்டுமா?”

சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. தலையைத் திருப்பி வரிசையைப் பார்த்தேன். ஏழாவது ஆளாக முத்தையா நின்றார். அவர் கூட்டிவந்த நோயாளியின் மகன் திக்லிபூரிலிருந்து வந்துவிட்டதால் தனியாகத் திரும்புகிறார். காலையிலேயே டிக்கெட் வாங்கியவர், சாமான் ஏற்றும் சீட்டுக்காக நின்றிருந்தார். கையில் ஒரு துணிப்பை, மேலாக ஆப்பிள் தெரிந்தது. மற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் சும்மா நின்றார். சும்மா நிற்பவருக்குக் காரணம் இல்லை என்று முடிவு கட்டினேன்.

“முத்தையா அண்ணே” என்றேன்.

அன்றைக்கு அவர் உடனே வரவில்லை. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ராணியைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னிடம் ஏதோ கேட்கப் போகிறவர் மாதிரி வாய் திறந்தது. நான் அதற்குள் படிவத்தை நீட்டிவிட்டேன், பேனா மூடியைக் கழற்றி. கையெழுத்துப் போட்டார். பையை ராணியின் அம்மாவிடம் கொடுத்து ஏதோ சொன்னார். பிள்ளை பெற்றவளுக்கு ஆப்பிளையும் கொடுத்துவிட்டுப் போகிறாரே, என்ன மனுஷன் என்று எனக்குக் கண் கலங்கியது. வீட்டுக்குப் போய் என் புருஷனிடம்கூட அதைப் பெருமையாகச் சொன்னேன்.

கப்பல் திரும்பி வந்தபோது அதில் வேலை பார்க்கும் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த நாலு பங்க்கில் ஒன்று போகும்போது காலியாகவே போனதாம். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று கடைசி நேரத்தில் ஏறவில்லையாம். யாருக்கும் சொல்லவேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து முத்தையா வந்தார். மொட்டையடித்த தலையில் முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. எப்போதும் போல “வாங்கண்ணே” என்று சிரித்துவிட்டு, “திருப்பதியா?” என்றேன்.

“அண்ணன் தவறிட்டாருங்கம்மா.”

“எப்போ?”

“நீங்க அந்தப் புள்ளக்காரிக்கு எடம் வாங்கிக் குடுத்தீங்கல்ல, அந்தக் கப்பல் போய் நாலாம் நாளு.”

அப்பா இறந்தபோது அண்ணன் தம்பிக்குள் வந்த சண்டையாம். இருபது வருடம் ஒரே தோட்டத்தில் இரண்டு மூலையில் இருந்துகொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்கள். அண்ணனுக்கு ஈரல் கெட்டு, இனிமேல் தாங்காது என்று ஆனபோது, தம்பியைப் பார்க்கவேண்டும் என்று அவரே சொல்லி அனுப்பியிருக்கிறார். செய்தி போனில் வந்தபோது முத்தையா போர்ட் பிளேரில், யாரோ ஒருவருடைய படுக்கை அருகில் இருந்தார். ஆப்பிள் அண்ணனுக்காக வாங்கியது. ராணியின் அம்மா அதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள்.

“ஆப்பிளு வந்திருச்சு, அவன் வரலியான்னு கேட்டாராம்” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்மேல் வந்தது. “ஏண்ணே சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேனே!”

அவர் குரல் உயரவில்லை. “எல்லாருகிட்டயும் என்னா ஏதுன்னு கேப்பீங்கம்மா. எங்கிட்ட நீங்க ஒருநாளும் கேட்டதில்லைங்க.”

பிறகும் இரண்டு தடவை வந்தார். பக்கத்துக் கவுண்டரில் வரிசை என்னுடையதைவிட நீளமாக இருந்தது. அதில் போய் நின்றார். அப்புறம் கட்சாலிலிருந்து நோயாளிகளுடன் வேறு வேறு ஆட்கள் வந்தார்கள். சிலர் யாருமில்லாமல் வந்தார்கள்.

நான் சர்ச்சில் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பச்சைப் பிள்ளைக்காரிக்கு உதவியது பாவமல்ல மகளே, உன் நோக்கம் நல்லது என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் வெளியே வந்து செருப்பை மாட்டும்போது பற்றிக்கொண்டு வந்தது. கணபதி சார் தன் ரிட்டயர்மென்ட் கூட்டத்தில், “நம்ம கவுண்டர்ல எடம் விட்டுக்குடுத்த முத்தையா மாதிரி ஆளுங்கதான் தீவோட சொத்து” என்று பேசினார். கைதட்டினார்கள். நல்ல குணம் என்கிற தத்துவத்தை அவர் யாருக்கு வைத்திருந்தார் என்று அன்றைக்குப் புரிந்தது. தோற்கிறவனுக்கு மாலையாகப் போடுவதற்கு.

பயிற்சி ஹாலில், அந்தக் கிளார்க் நான்தான் என்று சொல்லாமல், இந்தக் கதையை எழுந்து சொன்னேன். பயிற்சியாளருக்கு மிகவும் பிடித்துவிட்டது. பலகையில் மூன்று கட்டம் போட்டுப் பொருத்திப் பார்த்தார். விளைவுப்படி தாயும் பிள்ளையும் காப்பாற்றப்பட்டார்கள், சரி. கடமைப்படி அவர் சுயவிருப்பத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதனால் அவரைக் கருவியாக்கியதாகச் சொல்ல முடியாது, சரி. குணத்தின்படி முத்தையா உத்தமர், அவர் வாழ்ந்ததே நல்ல வாழ்க்கை. அந்தக் கிளார்க்மேல் எந்தக் கட்டத்திலும் தப்பில்லை என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

“தப்பில்லையா?” என்றேன். மைக் இல்லாமலே கேட்டிருக்கும். “ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள்கிட்ட நீட்டுற பேப்பர்ல எது சார் சுயவிருப்பம்? இல்லைன்னு சொன்னா, இத்தன வருசம் சம்பாதிச்ச நல்ல பேரு அந்த நிமிசமே போயிரும். அந்தப் பேரை வச்சுத்தான அந்தக் கிளார்க் அவரை மிரட்டுனா? நல்ல வாழ்க்கைங்கிறீங்க. அவரோட குணத்தால ராணிக்கு நல்லது, எனக்கு நல்லது, துண்டுச் சீட்டு குடுத்தவனுக்கு ரொம்ப ரொம்ப நல்லது. அவருக்கு என்ன சார் நல்லது நடந்துச்சு? அண்ணன் வாயில ஒரு ஆப்பிள் துண்டு!”

‘எனக்கு’ என்று சொல்லிவிட்டதை அப்புறம்தான் கவனித்தேன்.

“அப்ப ஒரே இடம் இருக்கும்போது என்ன செஞ்சிருக்கணும், மேடம்?” என்றார் பயிற்சியாளர். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“உங்க கணக்கு ‘ஒரே இடம் மிச்சம்’னு ஆரம்பிக்கிது. ஒரே இடம்னு ஆனது எப்படின்னு எந்தத் தத்துவமாவது கேட்டுச்சா? நாலு பங்க்க எடுத்துட்டுப் போனவன் உங்க படத்துலயே இல்லையே, சார். கரையில நிக்கிற ரெண்டு பேர அடிச்சுக்க விட்டுட்டு, அதுல எவன் பெரிய உத்தமன்னு மார்க் போட்டுட்டு இருக்கீங்க!”

முன்வரிசையில் துண்டு போர்த்திய நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேநீர் இடைவேளை அறிவித்தார்கள்.

சரண்யா என்னைக் கவுண்டருக்குப் பின்னாலிருந்த அறைக்குக் கூட்டிப் போனாள். கோபமாக இருக்கிறாளோ என்று நினைத்தேன். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். பதினோரு பெயர், போன் நம்பரோடு. தலைப்பு: ‘விட்டுக்கொடுக்க முன்வருவோர்’.

“நீங்க செஞ்சதப் பத்தி ஆபீஸ்ல கதையாச் சொல்லுவாங்க, தீதி. அதக் கேட்டுத்தான் நான் லிஸ்ட்டாவே போட்டு வச்சேன். இடம் பத்தலைன்னா இவங்களுக்கு போன் பண்ணுவேன்.”

“எத்தன தடவ பண்ணியிருக்க?”

அவள் தாளின் ஓரத்தை மடித்தாள். “அப்ப வேற யாருகிட்ட தீதி கேக்குறது?” என்றாள்.

“மேல இருந்து சீட்டு அனுப்புனவங்ககிட்ட மொதல்ல கேளு.”

“பயமா இருக்கு.”

“எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அந்தப் பயத்துக்குத்தான் நான் முத்தையாவோட நல்ல குணம்னு பேரு வச்சிருந்தேன்.”

அவள் தாளைக் கிழிக்கப் போனாள். நான் கையைப் பிடித்தேன். கிழித்தால் இருவருக்கும் சுலபமாகப் போய்விடும். ஒவ்வொருவருக்காகப் போன் பண்ணு, விட்டுக்கொடுத்த அன்றைக்கெல்லாம் அவர்கள் எதற்காக ஊருக்குப் போக வந்தார்கள் என்று கேள், அவர்கள் சொல்வதை எழுதிக்கொள் என்றேன். என் எதிரிலேயே முதல் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டு முறை மணி அடித்ததும் ஒரு பெண் எடுத்தாள்.

“நான் டிக்கெட் கவுண்டர்ல இருந்து சரண்யா பேசுறேன்க்கா.”

அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“சரி மேடம், எடுத்துக்கோங்க. நான் அடுத்த கப்பல்ல போயிக்கிறேன்.”